தூக்காத வீடு

தம்பி,

நேற்று சாயங்காலம் மழை பெய்தது. பெய்தது என்று சொல்வதுகூடத் தப்பு, கொட்டியது. இந்த வரியைப் படித்ததும் நீ என்ன தேடுவாய் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் வீட்டுக்குள் வந்ததா, வரவில்லையா? அம்மா ஜெயித்தாளா, தோற்றாளா? சொல்கிறேன், ஆனால் கடைசியில்தான் சொல்வேன். கணக்குப் புத்தகத்தில் பின்பக்கத்து விடையை முதலில் பார்த்துக்கொண்டு, வழியை அதற்கேற்ப வளைக்கிற பழக்கம் சின்ன வயதிலேயே உனக்கு உண்டு. இந்த ஒரு தடவை வழியோடு நடந்து வா. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வெட்டிவிடுவாய், அதனால்தான் கடிதம். "எழுதுறதுதான் எழுதுற, கொஞ்சம் சுருக்கமா எழுது" என்று உன் அப்பா சொல்லிவிட்டுப் போகிறார். அவருக்கென்ன, ஜென்மத்தில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியவர் இல்லை.

பந்தயம் உனக்கு மறந்திருக்காது. இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். இந்த ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தால் நானும் அப்பாவும் மறுபேச்சில்லாமல் மூட்டை கட்டிக்கொண்டு நெதர்லாந்துக்கு உன்னிடம் வந்துவிட வேண்டும், வீட்டை விற்றுவிட வேண்டும். வராவிட்டால் வீட்டைப் பற்றி நீ இனி வாயைத் திறக்கக் கூடாது. கோபத்தில் நானே போட்ட பந்தயம்தான். போட்ட பிறகு ராத்திரி முழுக்க அப்பா புரண்டு புரண்டு படுத்தார். காலையில் காபியைக் குடித்துக்கொண்டே, "அங்கன குளிரு ரொம்ப இருக்குமோ" என்று கேட்டார்.

போன வருஷம் தண்ணீர் வந்த அன்றைக்கே உனக்கு இந்த எண்ணம் வந்துவிட்டது. ஹாலில் முழங்கால் அளவு தண்ணீர், ஃபிரிட்ஜ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நான் விளக்குமாற்றைக் கையில் எடுக்கவில்லை, அதற்குள் மாடியில் குடியிருக்கிற பையன் எடுத்துப் போட்ட வீடியோவை நீ அங்கே பார்த்துவிட்டு, "அம்மா, மெயின் சுவிட்ச்ச அமத்து!" என்று கத்துகிறாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சிங்கப்பூருக்கு ஒரு கால் போட்டுக் கொடுக்க அரை நாள் ஆகும். கிடைத்த மூன்று நிமிஷத்தில் இரண்டு நிமிஷம், "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடும். இணைப்பு கொடுத்துவிட்டு நான் அழுத நாட்கள் உண்டு. இப்போது எங்கள் வீட்டு அழுக்குத் தண்ணீர் அம்புட்டுத் தூரம் ஒரு நொடியில் வந்து சேர்கிறது. தெருமுனைக் கண்மாய்க்குத்தான் அதற்குப் போக வழி தெரியவில்லை. அன்றைக்கு உன் குரலைக் கேட்டதும் எனக்கு எரிச்சலும் வந்தது, தைரியமும் வந்தது.

பொங்கலுக்கு வந்தபோது நீ எல்லாம் விசாரித்து முடித்திருந்தாய். வீட்டை அஸ்திவாரத்திலிருந்து அறுத்து, ஜாக்கி வைத்து மூன்றடி தூக்குகிற கூட்டம் ஒன்று மதுரையிலேயே வேலை செய்கிறது என்றாய். அந்தக் கூட்டத்து மேஸ்திரி சுனிலைக் கூட்டியும் வந்தாய். பீகார்க்காரன், முப்பது வயதுகூட இருக்காது. சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க உள்ளே தோசை சுடலாம். வீடு மேலே போகும், தோசை திரும்பாது" என்றான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது. வைகாசியில் தூக்குவதாக முடிவாயிற்று. நான் மறுக்கவில்லையே. மறுக்க என்ன இருக்கிறது? கே.கே. நகரில் இந்த வீட்டைக் கட்டியபோது ரோட்டிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே வருவோம். பழைய ரோட்டின் மேலேயே புது ரோட்டைப் போட்டுப் போட்டு, இப்போது ஒரு படி இறங்கி வருகிறோம். நாங்கள் ஒன்றும் அசையவில்லை. ஊர்தான் எங்களைச் சுற்றி வளர்ந்துவிட்டது.

எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு எஞ்சினியர் சார் முந்திக்கொண்டார். பங்குனியிலேயே சுனிலைக் கூப்பிட்டு வீட்டைத் தூக்கி, வாசலில் மண் கொட்டி மேடாக்கி, கார் ஏற ஒரு நீளச் சிமெண்ட் சரிவும் போட்டுவிட்டார். பார்க்க ராஜா கோட்டை மாதிரி இருந்தது. "பாத்தீங்களாம்மா, இனிமே எம்புட்டு மழ பேஞ்சாலும் நமக்குக் கவலை இல்ல" என்றார். நமக்கு என்று சொன்னதில் நான் இல்லை, அதை அவர் கவனிக்கவில்லை. அன்றைக்கு நானும்தான் கவனிக்கவில்லை, "அழகா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கிய மறுவாரம், ஒரு கோடை மழை. மேற்கே நாகமலைப் பக்கம் கறுத்தது, கால் மணி நேரத்தில் தெரு ஆறாகிவிட்டது. நான் குடையோடு கேட்டில் நின்று பார்த்தேன். வழக்கமாக எஞ்சினியர் வீட்டு வாசலில் பரந்து நிற்கிற தண்ணீருக்கு இப்போது நிற்க இடமில்லை. மேட்டில் முட்டித் திரும்பி, தெருவின் பள்ளமான கோடியில் இருக்கிற சாந்தா அக்கா வீட்டுக்கு நேராக ஓடியது. நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் டூட்டியில் இருந்தால் உனக்குச் சாப்பாடு போட்டவள் அந்த அக்கா. அவர்கள் வீட்டு சௌராஷ்டிரப் பேச்சில் நாலு கெட்ட வார்த்தையை மட்டும் சுத்தமாகக் கற்றுக்கொண்டு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது வீட்டில் வைத்தே சுங்குடிச் சேலை விற்கிறாள். ஹூஸ்டனிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குகிறார்கள். கீழ்த்தட்டுச் சேலைகள் எல்லாம் அன்றைக்கு நனைந்து, சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று ஏறிக் கிடந்தன. நான் போனபோது அவள் நடு ஹாலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக் கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது!" என்றேன்.

"வா வா, குத்தாலம் எங்க வீட்டுக்கே வந்திருச்சு. நீயும் காலை நனை" என்றாள். அப்புறம் டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினாள், எங்கும் தண்ணீர். அப்போதுதான் அவள் முகம் மாறியது. "உன் வீட்டையும் தூக்கப் போறியாமே. தூக்கும்மா. நானும் தூக்கத்தான் போறேன். எல்லாரும் தூக்கிட்டா அப்புறம் இந்தத் தண்ணி எங்கதான் போகும்?"

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "நாம வீட்டத் தூக்கல" என்றேன். அவர் பேப்பரை மடித்தார். "அவன்கிட்ட யாரு சொல்றது?" என்றார். நான் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அந்தக் கோபம் உனக்கு நியாயம்தான், அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: ஜனம் பெருத்துப் போச்சு. நாங்கள் வந்தபோது நடுவில் கருவேலங்காடும் ஏழெட்டு வீடும். இப்போது வீட்டுக்கு வீடு மூன்று மாடி, மாடிக்கு மாடி வேறு ஊர் ஆள். கேரளத்து நர்ஸ், மணிப்பூர்ப் பெண்கள், உசிலம்பட்டியிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள். எனக்கு அது பிடித்திருக்கிறது என்றால் நீ நம்பமாட்டாய். சாயங்காலம் தெருவில் நடந்தால் ஐந்து பாஷை காதில் விழுகிறது, எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது. ஆனால் ஜனம் பெருத்துவிட்டது என்று சொல்கிறவர் எவரும் அந்தக் கணக்கில் தன்னைச் சேர்ப்பதில்லை. நாம் குடும்பம், மற்றவர்கள் எல்லாம் கூட்டம். நான் மூன்று பேரோடு உடன்பிறந்தவள், கண்மாய்ப் பாசனத்து வயலை மனையாக்கித்தான் இந்த வீட்டைக் கட்டினோம், நீ நாலு விமானம் மாறி வந்து பொங்கல் சாப்பிடுகிறாய். அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நிற்கிறவர்களே நாம்தான்.

நீ போன தடவை எங்கள் அறைக்கு ஏசி மாட்டிவிட்டுப் போனாயே, அதையும் சொல்கிறேன். நல்ல மனசோடு செய்தாய், சித்திரை வெயிலில் அது இல்லாவிட்டால் அப்பா பாடு திண்டாட்டம்தான். ஆனால் அதன் வெளிப்பெட்டி பக்கத்து மாடி நர்ஸ் அறையின் ஜன்னலைப் பார்த்து அனலைக் கக்குகிறது. இரவு டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற பெண். அது ஜன்னலில் ஈரத் துண்டைக் கட்டி வைத்திருந்தது. கேட்டதற்கு, "பரவாயில்லை ஆன்ட்டி, நானும் ஒரு ஏசி வாங்கப் போறேன்" என்றது. அது வாங்கினால் அந்த அனல் அதற்கடுத்த ஜன்னலுக்கு. வீட்டைத் தூக்குகிற கதைதானே இதுவும்! பெட்டியை மொட்டை மாடிக்கு மாற்றிவிட்டோம். உலகம் ஏன் சூடாகிறது, மழை ஏன் இப்படிக் குடத்தைக் கவிழ்த்ததுபோல் ஒரேயடியாய்க் கொட்டுகிறது என்று டிவியில் படம் போட்டு விளக்குகிறார்கள். எனக்கு அந்த ஈரத் துண்டிலேயே விளங்கிவிட்டது.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். நம் தெரு ஓரத்தில் கண்மாய்க்குப் போகிற வாய்க்கால் ஒன்று இருந்தது. இருந்தது என்ன, இப்போதும் இருக்கிறது, ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் அடியில். வண்டி ஏற்றுவதற்கென்று ஆளாளுக்கு அதன் மேல் சிமெண்ட் சரிவு போட்டு மூடிவிட்டோம். மதுரையில் வீடு கட்டுகிற எவனும் முதலில் செய்வது கிரகப்பிரவேசம், இரண்டாவது செய்வது இது. நம் வீட்டுச் சரிவு உனக்காகப் போட்டது. காலேஜில் சேர்ந்த வருஷம் வண்டி வாங்கிக் கொடுத்தோமே, அதை ஏற்ற. ஈரச் சிமெண்டில் உன் பெயரை ஆணியால் எழுதி வைத்திருந்தாய். அதை உடைக்கத்தான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

சுனிலைக் கூப்பிட்டு, "வீட்ட தூக்க வேண்டாம்ப்பா, இத உடை" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். தூக்குகிற தொழில்காரனிடம் இறக்கச் சொன்னால்? ஆனாலும் உடைத்தான். அடியில் வாய்க்கால் கல் கட்டடத்தோடு அப்படியே கிடந்தது, சேறும் சாக்கும் அடைத்துக்கொண்டு. அள்ளிப் போட்டுவிட்டு, மேலே வண்டி ஏற இரும்புக் கிராதி பதித்தான். வேலை முடிந்ததும் வீடியோ காலில் அவன் பெண்டாட்டிக்கு அந்த ஓட்டையைக் காட்டிச் சிரித்தான். "எங்க ஊர்ல அம்மா, வருஷம் வருஷம் ஆறு வீட்டுக்கு உள்ளே வரும். அதனாலேதான் நான் இங்கே. இங்கே வந்தா இங்கேயும் தண்ணி" என்றான். அன்றைக்கு அவனுக்குக் கறிக்குழம்பு வைத்தேன். நம் ஒரு வாசலைத் திறந்து என்ன ஆகும் என்று எல்லோரும் கேலி பேசினார்கள். சாந்தா அக்கா மறுநாளே அவள் வாசலை உடைக்கச் சொன்னாள். அப்புறம் வெட்கத்தில் பாதிப் பேர், எங்கள் வாய்க்குப் பயந்து மீதிப் பேர். ஆடி முடிவதற்குள் தெருவே திறந்துவிட்டது, எஞ்சினியர் சார் வாசலைத் தவிர. "என் வீட்டுக்குள்ள தண்ணி வரலயேம்மா, நான் ஏன் உடைக்கணும்?" என்றார். வரவில்லைதான்.

ஆவணியில் புது ரோடு போட வந்தார்கள், வழக்கம்போல் பழசின் மேலேயே. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள் என்றோம். காண்டிராக்டர், "அதெல்லாம் பெரிய வேலைங்கம்மா" என்றார். நாங்கள் பெண்கள் எல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டோம். சாந்தா அக்கா முறுக்கு டப்பாவைத் திறந்து தார் ஊற்ற வந்தவர்களுக்கும் கொடுத்தாள். சுரண்டுகிற மிஷின் வருகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அதைத்தான் யாரோ வீடியோ எடுத்துப் போட, உன் சிநேகிதன் ஒருத்தன் உனக்கு அனுப்பிவைக்க, நீ போனில் வந்து, "அம்மா, நீ ரோட்ல உக்காந்திருக்க! பின்னாடி நம்ம வீடு தெரியுது, தூக்கவே இல்ல!" என்று குதித்தாய். உலகம் சுருங்கிப் போனதில் ஒரு அம்மாவால் ஒரு பொய்யைக்கூட உருப்படியாய்க் காப்பாற்ற முடியவில்லை. அந்தச் சண்டையில் போட்டதுதான் இந்தப் பந்தயம்.

அன்றைக்கு நீ சொன்னதில் ஒன்று இன்னும் என் மனசில் இருக்கிறது. "ஊரத் திருத்துறது உன் வேலை இல்லம்மா, உன்னக் காப்பாத்துறதுதான் என் வேலை" என்றாய். கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது, போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு நான் கொடுத்துவைத்தவள். ஆனால் நீ குடியிருக்கிற ஊரே கடலைவிடப் பள்ளத்தில் இருக்கிறது என்று நீதான் சொன்னாய். அங்கே ஒருத்தன் தன் வீட்டை மட்டும் தூக்கிக்கொண்டால் அந்த ஊர் நிற்குமா? எல்லோருமாகச் சேர்ந்து கரை கட்டி, தண்ணீரை இறைத்துக்கொண்டல்லவா உட்கார்ந்திருக்கிறார்கள்? அங்கே இருந்துகொண்டு என்னை மட்டும் தனியாகத் தூக்கப் பார்த்தாயே, கள்ளப்பயலே. அங்கே நீ புதுவீட்டுக்குக் குடிபோகப் போகிறாய், சந்தோஷம். போன முதல் வாரத்திலேயே கீழ்வீட்டுக்காரர் யார் என்று தெரிந்துகொள். உன் வீட்டுத் தண்ணீரும் சத்தமும் அனலும் எந்தப் பக்கம் போகிறது என்று ஒருதரம் வெளியே நின்று பார். உனக்கு நான் சொல்கிற புத்தி இவ்வளவுதான், மற்றதெல்லாம் உன் பெண்டாட்டி சொல்லுவாள்.

நேற்று நாலு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. சித்திரை மழையெல்லாம் இதற்கு முன்னால் தூறல். தெருவில் அவரவர் வாசலில் நின்றோம். வாய்க்கால் முதலில் நன்றாகத்தான் இழுத்தது, கிராதிக்கு அடியில் குடுகுடுவென்று சத்தம் கேட்டது. அப்பா என் தோளில் கை வைத்தார், ரொம்ப வருஷத்துக்கு அப்புறம். திடீரென்று சத்தம் நின்றுபோனது. தண்ணீர் பொங்கித் திரும்பி நம் வாசலுக்கு வந்தது. கேட்டைத் தாண்டியது. செருப்புகள் மிதந்தன. நிலைப்படியைத் தொட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வந்துவிட்டது, தம்பி. உள்ளே வந்துவிட்டது. ஒரு விரல்கடை அளவு, ஹால் முழுக்க. நேற்று யாரும் வீடியோ எடுக்கவில்லை, சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் ஒரு தடவை மறைத்துப் பட்டது போதும். நான் தோற்றுவிட்டேன்.

காரணம் என்ன தெரியுமா? ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றுகளை மேலத்தெருக்காரர்கள் வாய்க்காலில் போட்டிருக்கிறார்கள். அவை வந்து எஞ்சினியர் சாரின் சரிவுக்கு அடியில் சிக்கிக்கொண்டன. நான் சத்தம் போடுவதற்குள் அந்த மனுஷனே மழையில் இறங்கி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சரிவுக்கு அடியில் நீளக் கம்பியை விட்டுக் குத்து குத்தென்று குத்தினார். அப்பாவும் போய்ப் பிடித்து இழுத்தார். அடைப்பு விட்டதும் தண்ணீர் உறுமிக்கொண்டு போனது, பார்க்கப் பார்க்க நம் ஹாலிலிருந்தும் வடிந்துவிட்டது. உங்கள் வீட்டில் தேங்கியதால்தான் சாந்தா அக்கா தப்பித்தாள் என்று வாதாடாதே. அடைப்பு விட்ட பிறகு தெருத் தண்ணீர் அம்புட்டும் அவள் வாசல் வழியாகத்தான் கண்மாய்க்குப் போனது, நிலைப்படியைக்கூடத் தொடவில்லை. மழை விட்டதும் ஓடி வந்தாள். "வரலடி! ஒரு சொட்டு வரல!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் என் ஹாலைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து கூட்டித் தள்ளினோம், சிரித்துக்கொண்டேதான். எனக்கு அதில் ஒரு துளி வருத்தம் இல்லை என்றால் நீ நம்ப வேண்டும்.

இன்றைக்குக் காலையில் கடப்பாரைச் சத்தத்தில்தான் எழுந்தேன். எட்டிப் பார்த்தால் எஞ்சினியர் சார் கைலியோடு நின்று அவர் சரிவை அவரே உடைத்துக்கொண்டிருக்கிறார். சுனில் சட் பண்டிகைக்கு, அதுதான் அவர்கள் பக்கத்துச் சூரிய பூஜைக்கு, ஊருக்குப் போயிருக்கிறான். போனைச் சுவரில் சாய்த்து வைத்து, அங்கேயிருந்தே அவன், "சார், அங்கே இல்லே, லெப்ட், லெப்ட்" என்று சொல்லிக்கொடுக்கிறான். என்னைப் பார்த்ததும் சார் தலையைக் குனிந்துகொண்டார். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது இதை எழுதும்போதும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தெரு வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன், அவரும் படிக்கட்டும், நான் கோபமாக இல்லை என்று தெரியட்டும்.

ஆக, பந்தயப்படி நாங்கள் வர வேண்டும். வருகிறோம், சொன்ன சொல் மாறமாட்டேன். உன் புதுவீட்டில் பால் காய்ச்சுகிற அன்றைக்கு அம்மா அங்கே இருப்பேன், கடலுக்குக் கீழே எப்படிக் குடித்தனம் பண்ணுகிறீர்கள் என்று நானும் பார்க்கிறேன். அப்பா ஸ்வெட்டர் வாங்க டவுன்ஹால் ரோட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். விற்கிற பேச்சுக்கு மட்டும் ஒரு வாய்தா கொடு. இந்தத் தெரு முழுக்கத் திறந்து ஒரு மழைகூட இன்னும் பெய்யவில்லை, அந்த ஒரு மழையை நான் இங்கே நின்று பார்க்க வேண்டும். அடுத்த ஐப்பசிக்கு முன்னால் எந்தத் தேதிக்கு வேண்டுமானாலும் டிக்கெட் போடு. திரும்பி வருவதற்கும் சேர்த்தே போடு.

அம்மா